மாடிப்படி அடியில் ஒரு பிளக்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. மொத்தமாக வாங்கியதாக இருக்கும். சொன்ன விலையை அப்படியே கொடுத்திருப்பீர்கள் என்பது முகத்திலேயே தெரிகிறது. தவறாக நினைக்க வேண்டாம். கல்லாவுக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு, எதிரே நிற்கிறவர் எந்த விலையில் மடிவார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நடந்ததை வாயால் சொன்னால் போதாது, கைப்பட எழுதித் தர வேண்டும் என்றீர்கள். எனக்கும் அதுதான் வசதி. நான் சொல்ல நீங்கள் எழுதினால், உங்கள் போலீஸ் இலாகாத் தமிழில் நான் வேறு யாரோ ஆகிவிடுவேன்.

என்னுடையது மின்சாரச் சாமான் கடை. ஸ்விட்ச், ஒயர், பல்பு, காலிங் பெல். பத்து வருடமாக இன்டர்நெட் கேபிளும் வைஃபை பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் கடை, அதற்குப் பின்னால் ஓர் அறையில் நான். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் இரண்டு தரப்பும் விலை இறங்கவில்லை, அவ்வளவுதான். மாடியில் என் தம்பியும் அவன் மனைவியும். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குச் சாப்பாடு மாடியிலிருந்து வரும்.

தம்பி டாக்டர். ஆனால் நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை. எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ஸ்கேன் படங்கள் இன்டர்நெட் வழியாக அவன் மேசைக்கு வரும். அவன் பார்த்து, இன்னது என்று எழுதி அனுப்புவான். நோயாளியை அவன் பார்த்ததில்லை, நோயாளியும் அவனைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் அவனுக்கு நிழல் டாக்டர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை.

வருகிற படங்களில் பாதி தலைப் படங்கள். நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று கை விழுந்துவிடுகிறது, வாய் கோணுகிறது. மூளைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், அல்லது கசிந்திருக்கலாம். கட்டியிருந்தால் அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. கசிந்திருக்கும்போது அதே ஊசியைப் போட்டால் ஆள் முடிந்தார். இரண்டில் எது என்பதை என் தம்பி படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் அரை மணி நேரத்துக்குள். இதையெல்லாம் எனக்கு விளக்கியது அவன்தான். சாப்பாட்டுத் தட்டில் சோற்றால் மூளை வரைந்து, குழம்பை ஒரு மூலையில் ஊற்றிக் காட்டினான். ஆகவே, எனக்கு விவரம் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை.

இனி அந்த வீட்டு நெட்டைப் பற்றி. ஒன்றும் கஷ்டமில்லை, உங்களுக்கே புரியும். வெளியிலிருந்து வருகிற லைன் என் கடையில் உள்ள மெயின் பெட்டியில் இறங்குகிறது. மாடியில், தம்பியின் அறையில் இரண்டாவது பெட்டி. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், வீடு முழுக்க ஒரே வைஃபை. மெஷ் என்பார்கள். அவை பேசிக்கொள்ள இரண்டு வழி உண்டு. நடுவில் கேபிள் இருந்தால் கேபிளில் பேசும். இல்லாவிட்டால் காற்றில் பேசும். கேபிளில் பேசினால் வெண்ணெய் மாதிரிப் போகும். காற்றில் பேசினால் சந்தையில் பேசுகிற மாதிரி, யாரும் குறுக்கே கத்தாதவரை கேட்கும்.

நான் கேபிள்தான் இழுத்திருந்தேன். மாடிப்படி அடியில், என் நாற்காலிக்கு நேர் பின்னால் சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் கீழிருந்து போகிற கேபிளும் மேலே ஏறுகிற கேபிளும் சேர்கின்றன. அதைச் செய்ய மூன்று நாள் ஆனது. ஒரு நூல் வெளியே தெரியாது. நல்ல வேலையைப் பார்த்தால் அடையாளம் தெரிகிற ஆள் அந்தத் தெருவில் நான் ஒருவன்தான், ஆகவே நானே பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

தம்பிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தன் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிள் பக்கத்தில் உள்ள பெட்டிக்குப் போகிறது, ஆகவே தன்னுடையது ஒயர் கனெக்‌ஷன். அந்தப் பெட்டி எப்படிக் கீழே பேசுகிறது என்று அவன் யோசித்ததே இல்லை. பத்து வருடம் படித்தவர்களிடம் இது ஒரு பொது வியாதி. கண்ணுக்குத் தெரிகிற ஒரு முழம் ஒயரைப் பார்த்துவிட்டு, ஊர் கோடி வரைக்கும் ஒயர்தான் என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அவனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பேரம் பேச வராது. காய்கறிக்காரர் சொல்கிற விலையைக் கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்வான். ஒரே அப்பா, ஒரே கடை, ஒரே கல்லாவுக்கு அடியில் இரண்டு பேரும் தவழ்ந்தோம். நான் வியாபாரம் கற்றுக்கொண்டேன், அவன் தரையில் கிடந்த பில் காகிதத்தில் படித்துக்கொண்டிருந்தான். கேட்ட விலையைக் கொடுக்கிற மனிதனை எனக்குப் பிடிக்காது. அவன் பொருளையும் மதிக்கவில்லை, விற்கிறவனையும் மதிக்கவில்லை. சீக்கிரம் ஆளை அனுப்பினால் போதும் என்று நினைக்கிறான்.

போன வருடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனுக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். வீட்டு இணைப்பு நம்பகமானதா, வேகம் எவ்வளவு, நிறுவியது யார் என்று கேள்விகள். பூர்த்தி செய்து, நகல் எடுக்க டீச்சரிடம் என் கடை ஜெராக்ஸ் மெஷினுக்குக் கொடுத்தனுப்பியிருந்தான். நிறுவியவர் என்ற இடத்தில் அவன் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: உள்ளூர் எலக்ட்ரீஷியன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஃபார்ம்தானே அண்ணே என்று சிரித்திருப்பான். அவனைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே ஃபார்ம்தான். இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றை டீச்சரிடம் கொடுத்தேன், ஒன்று என்னிடம் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில் சுவர்ப் பெட்டியைத் திறந்தேன். கேபிள் முனையில் உள்ள பிளக்கில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். உள்ளே தள்ளினால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்வது அதுதான். அதை நறுக்கினேன். நாக்கு இல்லாத பிளக்கை உள்ளே அழுத்தினால் வேலை செய்யும். ஒரு நெல்மணி அளவு வெளியே இழுத்தால் தொடர்பு விட்டுப்போகும். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு நிலையும் ஒன்றுதான். பெட்டியில் விளக்கு அணையாது, நெட் நிற்காது. மாடியில் உள்ள பெட்டி சத்தம் போடாமல் காற்றுக்கு மாறிக்கொள்ளும். எத்தனையோ வீட்டில் பழுது பார்த்திருக்கிறேன், இதைவிட சுத்தமான பழுதை நான் பார்த்ததில்லை. ஒரு நெல்மணி அளவு இழுத்துவிட்டு, வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் தம்பி இறங்கி வந்தான்.

“அண்ணே, ஒயர்ல போட்டும் ஸ்பீடே இல்லண்ணே. மொபைல்ல வர்ற அளவுதான் வருது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

நாலு மாதமாக அவன் என்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனேன். கீழே நெட் வேகத்தை அளந்தால் தொள்ளாயிரம். அவன் மேசையில் அளந்தால் அறுபது. அவன் முன்னாலேயே இரண்டையும் அளந்து காட்டி, உதட்டைப் பிதுக்கினேன். வியாதியின் பெயரைச் சொல்வதற்கு முன் டாக்டர்கள் பிதுக்குவார்களே, அந்த மாதிரி.

பிறகு நாங்கள் பழுது பார்க்கத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை தோறும். முதல் வாரம் மேசைக் கேபிளை மாற்றினேன். அடுத்த வாரம் வேறு ஓட்டையில் சொருகினேன். பிறகு இரண்டு பெட்டிகளையும் அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டேன், அப்டேட் செய்தேன். கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று அவனை ஒரு புது நெட்வொர்க் கார்டு வாங்க வைத்தேன். இரும்பு பீரோ மறைக்கிறது என்றேன், அவனும் நானும் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்து நகர்த்தினோம். சின்ன வயதுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாமானைத் தூக்கியது அன்றைக்குத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. நீங்க இல்லேன்னா நான் என்னண்ணே பண்ணுவேன் என்றான். வேலை முடிந்ததும் டீ வரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம்.

பீரோவுக்கு அடுத்தது மீன் தொட்டி. தண்ணீர் வைஃபையைக் குடித்துவிடும் என்றேன். அது ஓரளவு உண்மைதான், நல்ல பொய்க்கு உள்ளே கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும். தொட்டி டீச்சருடையது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்.

“ஒயர்லதான நெட் வருது மாமா? மீன் தொட்டி குறுக்க இருந்தா ஒயருக்கு என்ன?”

அந்த வீட்டில் அதுவரை கேட்கப்பட்டதில் சரியான கேள்வி அது ஒன்றுதான். அவள் சொன்ன விலையைக் கொடுக்கிறவள் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

“இதெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தர்றதில்லம்மா” என்றேன்.

“சொல்லித் தர்றதில்லன்னுதான் கேக்கறேன்” என்றாள்.

நான் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. என் தம்பி முந்திக்கொண்டான். அண்ணனுக்குத் தெரியாததா, நீ கொஞ்சம் சும்மா இரு என்று அவளை அடக்கிவிட்டு, அவனே வாளியை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான். தொட்டி ஹாலுக்குப் போனது. நான் கீழே வந்து, கட்டை விரலால் பிளக்கை ஒரு தட்டுத் தட்டினேன். மேலே கைதட்டல் கேட்டது. எண்ணூற்றுத் தொண்ணூறாம். மீன் தொட்டிதான், அண்ணன் அப்பவே சொன்னாரு என்று அவன் சொன்னது படி வழியாக இறங்கி வந்தது.

ஒன்பது நாள் விட்டு வைத்தேன். பிறகு மறுபடி ஒரு நெல்மணி.

இப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தத் தொட்டி வேறு வேறு மூலைக்குப் போனது. அலைச்சல் தாங்காமல் இரண்டு மீன் செத்துப்போயின. அதற்கெல்லாம் விசாரணை கிடையாது.

அறுபதில் அவன் வேலை ஓடும் என்பதையும் எழுத வேண்டும். இரண்டு நிமிடத்தில் வர வேண்டிய படம் ஆறு, ஏழு நிமிடத்தில் வரும். அவனுக்கு எரிச்சல், எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அத்தோடு நின்றிருக்கும். ஆனால் ஒருநாள் அவன் தயங்கித் தயங்கி, கம்பெனி டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து தாமதத்துக்காக ஒரு கடிதம் வந்திருக்கிறதாம், இன்னும் இரண்டு வந்தால் ஒப்பந்தம் போய்விடுமாம். தாராளமா கூப்பிடு என்றேன். அதன் பிறகு இரண்டு நாள் மாடியிலிருந்து வந்த சாப்பாடு மூடி திறக்காமல் திரும்பிப் போனது. மூன்றாம் நாள் அவனே தட்டை எடுத்துக்கொண்டு வந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். வேற யாரும் வேண்டாம்ணே, நீங்களே பாருங்க என்றான். பாருங்கள், இறங்கி வந்து கேட்டது அவன். அதுவும் முதல் விலையிலேயே.

அந்த டெக்னீஷியன் பேச்சுக்கு ஒரு கண்டிப்பு வேண்டும் என்று தோன்றியது. மெயின் பெட்டியின் செயலி என் போனில் இருக்கிறது. எந்தச் சாதனத்துக்கு முதல் மரியாதை என்று அதில் சொல்லலாம். கடையில் ஒரு டிவி உண்டு, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக நாள் முழுக்க அருவியும் மலையும் ஓடும். யாரும் பார்ப்பதில்லை. முதல் மரியாதையை அந்த அருவிக்குக் கொடுத்தேன். சாயங்காலத்தில் தெருவே வைஃபையில் இருக்கும், காற்றில் நெரிசல். அந்த நேரங்களில் தம்பியின் மேசையில் நாலு, ஐந்துதான் வரும். இரண்டாவது கடிதம் வந்தது. அவன் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று டீச்சர் சொன்னாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கு வேண்டியது. வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி ஐந்து நிமிடம். ஒரு பெரியவர் காலிங் பெல் வாங்க வந்திருந்தார். கிளிச் சத்தம் வேண்டுமா, மணிச் சத்தம் வேண்டுமா என்று முடிவாகவில்லை. தம்பி படியில் இறங்கி வந்தான். காலில் செருப்பில்லை, கையில் போன்.

“அண்ணே, ஒரு அம்மா. தலைப் படம். பாதியில நிக்குதுண்ணே. ஊசி போடலாமா வேண்டாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இப்பவே பாருங்கண்ணே.”

“வியாபாரம் நடக்குதுல்ல. இரு” என்றேன்.

அவன் நின்றான். போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. சுவர்ப் பெட்டி எனக்குப் பின்னால் மூன்றடி தூரம். அதற்கு எழுந்திருக்கக்கூட வேண்டாம், திரும்பிக் கையை நீட்டினால் போதும். நான் பெரியவருக்கு மூன்றாவதாக ஒரு பெல்லை எடுத்துக் காட்டினேன். அவர் நல்ல மனிதர். தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு, நீங்க போய் அவரைக் கவனிங்க, நான் அப்புறம் வரேன் என்று கிளம்பப் பார்த்தார். நான் அவரை விடவில்லை. அவர் கேட்காமலே விலையில் பத்து குறைத்தேன். பிறகு இன்னும் பத்து. முப்பத்திரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் கேட்காமல் நான் விலை குறைத்தது அந்த ஒரு தடவைதான். அவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். யாரால் போக முடியும்.

தம்பி, “அண்ணே” என்று இன்னொரு தடவை சொன்னான். சத்தமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் இருட்டில் பின்கட்டுக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுகிற குரல் அது. பிறகு திரும்பிப் படியேறி ஓடினான்.

மேலே போய் அவன் என்ன செய்தான் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. பாதிப் படம்தான் அவனிடம் இருந்தது. அந்தப் பாதியில் கசிவு இல்லை. மறுமுனையில் அவசரப்படுத்தினார்கள். பேரம் தெரிந்தவனாக இருந்தால், முழுசா வரட்டும், அதுவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று இருந்திருப்பான். என் தம்பி அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டான். கசிவு தெரியவில்லை, போடலாம் என்றான். நாலு மணி பதினாலு நிமிடம்.

பெரியவர் மணிச் சத்தத்தையே எடுத்துக்கொண்டு போனார். நாலு பதினாறு. நான் திரும்பி, பெட்டியைத் திறந்து, பிளக்கைக் கட்டை விரலால் அழுத்தினேன். அவனைப் போதுமான நேரம் நிற்க வைத்தாயிற்று என்று தோன்றியது, வேறு காரணம் ஒன்றுமில்லை. மீதிப் படங்கள் ஒரே மூச்சில் மேலே போயிருக்க வேண்டும்.

“வந்துருச்சுண்ணே” என்று மாடியிலிருந்து கத்தினான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மீதியைத் திறந்து பார்த்திருப்பான். பிறகு நாற்காலி விழுகிற சத்தம். பிறகு அவன் போனில், நிறுத்துங்க, நிறுத்துங்க என்று சொல்வது கேட்டது. ஊசி போட்டாகிவிட்டிருந்தது. அந்த அம்மா ஆறு மணிக்கு முன்னால் இறந்துபோனார்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியின் விசாரணைக் குழு என்று மூன்று பேர் வந்தார்கள். நன்றாக உடுத்தியிருந்தார்கள். தம்பியின் மேசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வேகத்தை அளந்தார்கள். தொள்ளாயிரத்துப் பத்து. பெட்டிக்குள் பழைய கணக்கு இருக்கும், எடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை மூன்று பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அவர்களுடைய வீட்டு நெட்டையும் யாரோ ஓர் உள்ளூர் எலக்ட்ரீஷியன்தான் பார்த்துக்கொள்வார் போலிருக்கிறது. கீழே வந்து என்னிடம் கேட்டார்கள். அன்னைக்கு வந்து சொன்னாரு, நான் எழுந்திரிக்கறதுக்குள்ள சரியாயிடுச்சு, பொதுவா நல்லாத்தான் இருக்கும் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

இனிமேல் படம் பார்க்கக் கூடாது என்று தம்பிக்குக் கடிதம் வந்தது. தன் தவறை மறைக்க நெட்டின் மேல் பழி போட்டதாகவும் அதில் ஒரு வரி.

அவனை நான் விட்டுவிடவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். ஏழு மாதம் என்னோடு உட்கார்ந்தான். கேபிள் அளந்து வெட்டக் கற்றுக்கொண்டான், ஒவ்வொரு முறையும் ஒரு சாண் கூடுதலாக வெட்டுவான். பேரம் மட்டும் கடைசி வரை வரவில்லை. ஒருநாள் பல்பு அட்டைகளைத் துடைத்துக்கொண்டே, “ஒருவேளை நெட்டு நல்லாத்தான் இருந்துச்சோ என்னவோண்ணே. எனக்குத்தான் அப்ப கண்ணு சரியா பாக்கலையோ” என்றான். அதெல்லாம் விடு, நடந்தது நடந்துபோச்சு என்று ஆறுதல் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். உண்மையைச் சொல்வதானால் அது நல்ல காலம்.

டீச்சர்தான் விடவில்லை. எங்கள் யாரிடமும் சொல்லாமல், இந்த வேலையில் தேர்ந்த ஒரு பெண் டெக்னீஷியனைப் பிடித்து ஒரு காலையில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பெண் மெயின் பெட்டியின் உள் கணக்கைத் திறந்தாள். மாடிப் பெட்டி எந்தெந்தத் தேதியில் கேபிளில் பேசியது, எந்தெந்தத் தேதியில் காற்றில் பேசியது என்று வரிசையாக வந்தது. அந்த வியாழக்கிழமை நாலு பதினாறு வரை காற்று, அதற்குப் பிறகு கேபிள். கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. பிறகு சுவர்ப் பெட்டியைத் திறந்து, பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, அதையெல்லாம் கெடுத்துக்கொண்டாள்.

அவள் எழுதிய அறிக்கையையும் அந்தப் பிளக்கையும் டீச்சர் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டாள். நாக்கு உடைந்த பிளக்கை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். படியில் ஆட்கள் ஏறி இறங்கும் அதிர்வில் அது அவ்வப்போது நழுவியும் உட்கார்ந்தும் இருக்கிறது. சம்பவத்தன்று டாக்டர் படியில் ஓடியபோது தானாக உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர் செய்த வேலை. கவனக்குறைவு.

அதிர்வாம். ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டியை நகர்த்திய நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, சொல்லி வைத்தாற்போல் ஒன்பது நாள் கழித்து நழுவுகிற அதிர்வை அந்தப் பெண் எந்த வீட்டில் பார்த்தாளோ. நாக்கு உடையவில்லை, நறுக்கப்பட்டது. உடைந்த முனை பிசிறு தட்டும். நறுக்கின முனை வழவழப்பாக இருக்கும். அந்தப் பிளக் உங்கள் வசம்தான் இருக்கிறது, நகத்தால் தடவிப் பாருங்கள்.

அந்த அறிக்கையின் நகலை டீச்சர் ஹாலில் நின்று சத்தமாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு அழுதாள். தம்பி மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும், கடிதத்தை ரத்து செய்துவிடுவார்கள், அவன் மறுபடி மாடிக்குப் போய்விடலாம். என் மேலும் வழக்கில்லை. ஒரு பழைய பிளக்கை மாற்ற மறந்த கடைக்காரனை யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள். எல்லாம் அழகாக முடிந்துவிட்டது. அப்போது தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பரவாயில்லண்ணே. உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு நீங்க பாத்தீங்க. தெரியாமத்தான ஆச்சு. மனசுல வெச்சுக்காதீங்க” என்றான்.

அவன் கண்ணில் இருந்தது பரிதாபம். நான் அவனைப் பார்க்க வேண்டிய பார்வை அது. எனக்கு வேலை தெரியாது என்று அவன் நம்பிவிட்டான். நம்பியதோடு விடாமல், மன்னித்தும்விட்டான். அவன் வாழ்க்கையில் வாங்கிய எல்லாவற்றையும் போல, அந்த அறிக்கையையும் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டான்.

அந்தக் கையை உதறிவிட்டு நேராக இங்கே வந்தேன். உங்கள் ஆட்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மனச்சாட்சி உறுத்தியதா என்று உள்ளே நுழைந்ததுமே கேட்டீர்கள். இல்லை. உங்கள் கோப்பில் உள்ள ஒரு காகிதத்தில் என் வேலையைப் பற்றித் தவறாக எழுதியிருக்கிறது, திருத்த வந்தேன். அந்த நாக்கை நறுக்கியது நான். இழுத்தது நான், அழுத்தியதும் நான். எப்போது இழுத்தால் என்ன வேகம் வரும் என்று தெரிந்தே இழுத்தேன். அருவிக்கு முன்னுரிமை கொடுத்ததும் நான்தான். இதில் அதிர்வுக்குப் பங்கு இல்லை.

அந்த அம்மாவைப் பற்றி அந்த நேரத்தில் ஒரு கணமாவது நினைத்தீர்களா என்றும் கேட்டீர்கள். வாயால் பதில் சொல்லாமல் விட்டேன், இங்கே எழுதிவிடுகிறேன். நினைத்தேன். தம்பி வந்து சொன்ன நொடியிலிருந்து, பெரியவர் பெல்லை எடுத்துக்கொண்டு கடை வாசல்படி இறங்கும் வரை, பதினோரு நிமிடமும் அந்த அம்மாவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கை விழுந்திருக்குமா, வாய் கோணியிருக்குமா, பக்கத்தில் யார் நிற்பார்கள் என்றுகூட யோசித்தேன். நினைக்காமல் செய்திருந்தால் அதற்குப் பெயர்தான் கவனக்குறைவு.